குளவி அக்கா

கட்டடங்களுக்கு வண்ணம் அடிக்கும் அந்தப் பெண்ணை உடன் வேலை பார்ப்பவர்கள் குளவி அக்கா என்றே கூப்பிடுவார்கள். எந்த மூலையில் கூடு இருந்தாலும் அவர் கண்ணில் முதலில் பட்டுவிடும்.

ஒருநாள் அவரும் கணவரும் இரண்டாம் மாடிச் சாரத்தில் நின்று ஜன்னல் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். காதோரம் ரீங்கரித்த குளவி ஒன்றைக் கணவர் கைத்துணியால் நசுக்கிவிட்டார்.

"ஐயோ, ஏங்க அடிச்சீங்க? நசுங்கினதோட வாடை போதும், மேல கூட்டுல இருக்கிற மொத்தக் கூட்டமும் வந்துடும். துணியைத் தூக்கிப் போட்டுட்டு உள்ள ஏறுங்க!"

இருவரும் திறந்திருந்த ஜன்னல் வழியாக அறைக்குள் குதித்தார்கள். அக்கா கண்ணாடியைச் சாத்துவதற்கும், மேலே இருந்த கூட்டிலிருந்து குளவிகள் திரண்டு வருவதற்கும் சரியாக இருந்தது. சாரத்தில் கிடந்த துணியை அவை மொய்த்துக் கொட்டித் தீர்த்தன.

"என்ன ஆவேசம்டா சாமி!" என்றார் கணவர், மூச்சு வாங்க.

"அதுங்க குஞ்சுங்க உள்ள இருக்கில்ல? நம்ம வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்தா நான் மட்டும் சும்மா இருப்பேனா?"

"அவன் கதி எனக்குத் தெரியாதா!"

அக்கா சிரித்துவிட்டார். கட்டடத்தின் அந்தப் பக்கத்தைக் குளவிகளுக்கே விட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கங்களையும் நிதானமாக அடித்து முடித்தார்கள்.