ஏழாம் மாதத்துக் கால் குடைச்சல்

மூத்தவளைச் சுமந்த ஏழாம் மாதத்தில்தான் எனக்குக் கால் குடைச்சல் ஆரம்பித்தது. வலி என்று சொல்ல முடியாது. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் ஒரு நமநமப்பு. நீட்டினால் மடக்கச் சொல்லும், மடக்கினால் நீட்டச் சொல்லும். எழுந்து நடந்தால் அடங்கும். படுத்தால் மறுபடியும் வந்துவிடும்.

அது இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும். அவருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற வேலை. தூக்கக் கலக்கத்தோடு அந்த மருந்து அறைக்குள் போகக் கூடாது. கை ஒரு தடவை தடுமாறினால் ஆள் மிஞ்ச மாட்டார். அதனால் அவரை எழுப்பிவிடாமல், அடுப்படிக்கும் வாசலுக்குமாக இருட்டிலேயே நடந்துகொண்டிருப்பேன். விடியும் முன்னால் ஒரு மணி நேரம் தூங்கினால் அதிகம்.

யாரிடமும் சொல்லவில்லை. காரணம் எனக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். அவர் வேலைச் சட்டையில், மருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூள் அப்பியிருக்கும். வயிறு பெருத்தபின் குனிந்து கசக்க முடியாமல், அண்டாவில் ஊறப்போட்டுக் காலால் மிதித்துத் துவைத்தேன். சாயங்காலம்வரை பாதம் மினுமினுக்கும். அந்தத் தூள்தான் ரத்தத்தில் ஏறிவிட்டது, அடுத்து பிள்ளைக்குப் போகும் என்று முடிவே கட்டிவிட்டேன். சொன்னால் வேலையை விட்டுவிடுவார். தீபாவளி சீசன் வேறு, பிரசவமும் நெருங்குகிறது. வாயை மூடிக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. யாராவது மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம்.

ஒருநாள் காலை பத்து மணிக்கே அவர் வீட்டுக்கு வந்து நின்றார். மருந்து சலிக்கிற சல்லடையைப் பிடித்தபடியே கண் அசந்திருக்கிறார். போர்மேன் பார்த்து வெளியே இழுத்து வந்து, "ஏலே, தூங்கணும்னா வீட்ல போய்த் தூங்கு. இங்கன தூங்குனா அம்புட்டுப் பேரும் சேந்து போயிருவோம்" என்று அனுப்பிவிட்டாராம். நான் நடந்து நடந்துதான் அவர் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் என்று அழுது எல்லாவற்றையும் கொட்டினேன், தூள் பயத்தையும் சேர்த்து. அவர் "பொறப்படு" என்று மட்டும் சொன்னார். விருதுநகருக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை நல்லா இருக்கு. குடைச்சலுக்குக் காரணம் தூளு இல்லம்மா. ரத்தத்துல இரும்புச் சத்து ரொம்பக் கம்மி. மாசமா இருக்கப்ப அதனாலயும் காலு இப்படிப் படுத்தும். சத்து மாத்திரைய எதோட போடுறீக?"

"டீயோடதாங்க. வெறும் தண்ணியில போட்டா குமட்டுது."

"டீ அந்தச் சத்தை ஒடம்புல சேர விடாது. மாத்திரை போடுறப்ப டீ வேண்டாம். அந்தச் சட்டையையும் இனி நீங்க மிதிக்க வேண்டாம்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. "இனிமே நீங்க நிம்மதியாத் தூங்குவீக" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ எந்திரிச்சுப் போறப்ப எல்லாம் நான் முழிச்சுத்தான் கெடந்தேன். நான் கொண்டாந்த தூளுதான் ஒன்னய இந்தப் பாடு படுத்துதுன்னு நெனச்சேன். கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம். அதான் தூங்குற மாதிரி கெடந்தேன்."

ஒரு மாதமாக, தூங்காத கண்ணோடு தினமும் அந்த மருந்து அறைக்குள் போய் வந்திருக்கிறார். பஸ் என்றும் பார்க்காமல் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடித்த கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சிவகாசி வரும்வரை விடவில்லை.