திருப்பி அனுப்பப்பட்டவர்கள்

மருத்துவமனையில் எல்லோரும் அவளை உளவாளி என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னவர் தலைமை அறுவை மருத்துவர் ஒருவர்தான்.

அவளும் ஒரு காலத்தில் குடல் அறுவை செய்தவள். விபத்தில் வலது மணிக்கட்டு நொறுங்கியது. கத்தி பிடிக்கும் வேலை போய், யார் செய்த அறுவை எப்படி முடிந்தது என்று தொகுத்துச் சொல்லும் வேலை வந்தது. அதை அவள் ஈவிரக்கமில்லாமல் செய்தாள்.

முதல் கூட்டத்தில் திரையில் விழுந்த படத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குடலைத் தைத்த இடம் கசிந்து, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தவர்களில் பாதிப் பேர் தலைமை மருத்துவரின் நோயாளிகள்.

"எனக்கு வர்றதெல்லாம் முத்திப்போன கேஸ்," என்றார் அவர்.

"அதையும் கழிச்சுப் பாத்துட்டேன் சார். அப்பவும் நீங்கதான் மேல இருக்கீங்க."

"கை விளங்காதவங்களுக்கு அடுத்தவன் கை மேலதான் கண்ணு."

அன்று முதல் கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசைக்கு வேறு யாரும் வரவில்லை.

அடுத்த சில மாதங்களில் அவருடைய நோயாளிகளுக்கு ஏற்படும் கசிவுகள் மளமளவென்று குறைந்தன. நிர்வாகி பூரித்துப்போனார். அவளுக்கு மட்டும் உறுத்தியது. வெளிநோயாளிப் பிரிவில் போய் விசாரித்தாள். சிக்கலான நோயாளிகளைத் தலைமை மருத்துவர் 'வேற இடம் பாருங்க' என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அப்படிப் போன ஒரு லாரி ஓட்டுநர், இன்னொரு மருத்துவமனையில் இடம் கிடைப்பதற்குள் செத்துப்போயிருந்தார்.

அவள் நேரே அவர் அறைக்குப் போனாள்.

"ஆள விரட்டிட்டு நல்ல பேர் வாங்குறீங்களா?"

"மார்க் போட ஆரம்பிச்சது நீதானே? நான் மார்க் வாங்கக் கத்துக்கிட்டேன்."

அந்தப் பேச்சைப் பல நாள் அவள் மனதில் புரட்டிப் பார்த்தாள். பிறகு, திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் அனுப்பிய மருத்துவரின் கணக்கிலேயே சேர்த்தாள். தலைமை மருத்துவர் அறுவை செய்யும்போது இன்னொரு மருத்துவர் கூட நிற்க வேண்டும் என்று நிர்வாகியிடம் மல்லுக்கட்டி உத்தரவு வாங்கினாள். கூட நின்ற பெண் மருத்துவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்: குடலின் முனைக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்காமலே, அவசரத்தில் அவர் தைத்துவிடுகிறார். எல்லோரையும் திட்டிக்கொண்டேதான் தலைமை மருத்துவர் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். கடினமான நோயாளிகள் மறுபடி வந்தார்கள். ஆனாலும் கசிவு ஏறவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுடைய அக்காவுக்குக் குடலில் கட்டி வந்தது.

"என்கிட்டயா? வேற ஆளே கிடைக்கலையா?" என்றார் தலைமை மருத்துவர்.

"உங்களப் புடிச்சு வரல. இப்ப இங்க உங்க தையல்தான் கசியாம நிக்குது."

அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நாளைக்கு அட்மிட் பண்ணு. நீ தியேட்டர் பக்கம் தலை காட்டக் கூடாது."

அக்கா பிழைத்து வீடு வந்தாள். மருத்துவமனை மாடிப்படியில் அவர் எதிர்ப்பட்டபோது அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் ஓய்வு பெறும் வரை இருவரும் பேசிக்கொண்டது கூட்டங்களில் மட்டும்தான், அதுவும் சண்டைக்கு.