செக்கிலிருந்து கழற்றிய ஆக்சில்

மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு தெளிவானது: தயாரித்தவர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக எந்த உரிமையாளரும் தன் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. போக்குவரத்துத் துறையில் ஆய்வாளராக இருந்த காலம் முழுவதும் இதைச் சொல்லியே பலருடைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு கெடுக்க மைத்துனன் மட்டும்தான் அகப்பட்டான்.

சிவகாசியில் அச்சகம் நடத்துகிறவன். அவன் அப்பா விட்டுப்போன நாலு சிலிண்டர் அமெரிக்கக் கார் ஒன்று அச்சகக் கொட்டகையில் கிடந்தது. மட்கார்டு, கூரை, கதவு எல்லாவற்றையும் இளவயதில் கழற்றி எறிந்துவிட்டு, வேகத்துக்காகவே அவர் ஓட்டிய வண்டி. ஊரில் அதற்கு மொட்டை வண்டி என்று பெயர். மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத் தானே ஓட்டிவர வேண்டும் என்பது மைத்துனனின் ஆசை. பின் ஆக்சிலின் பற்சக்கரத்தில் பல் உடைந்திருந்தது.

"ஜீப்பு ஆக்சில் ஒண்ணு ரெடியா கெடக்கு அத்தான். மாட்டுனா ஓடிரும்."

"ஓடுறதுதான் பெருசா? மாமா இருந்து பாத்தா, இது எந்த ஜீப்புக்குப் பொறந்ததுன்னு கேப்பாரு."

அவன் சிரித்தான். எனக்கு அது வேடிக்கை இல்லை. மொட்டையடித்த வண்டிக்குத் தயாரிப்பாளர் விவரம் ஏது? ஆனாலும் மாமனார் அதை மொட்டையடித்த காலத்தில் அவர் கைக்கு எட்டியிருக்கக்கூடிய ஆக்சில்தான் பொருந்தும் என்று வாதாடினேன். அதே கம்பெனியின் அடுத்த மாடல் ஆக்சில் என்றால், இன்ஜினிலிருந்து பின்னால் ஓடும் தண்டு குழாய்க்குள் அடங்கியிருக்கும். வில்லு குறுக்கே படுத்திருக்கும். சக்கரம் வெளியே துருத்தாது. போதாததற்கு, பழமை வாகனமாகப் பதிவு செய்ய இந்த ஆக்சில் தடையாகுமா என்று மேலிடத்துக்கு விண்ணப்பமும் அனுப்பினேன்.

ஆக்சில் விருதுநகரில் கிடைத்தது. ஓர் எண்ணெய்க் கடையில் செக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆக்சில் கூட்டின் ஒரு கையைக் காங்கிரீட்டில் புதைத்து, மறு கையில் உரலை ஏற்றி, நட்டமாக நின்றது. வார்ப்பு எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். மாடல் சரி. கடைக்காரர் நல்ல மனுஷர்.

"கல்யாணத்துக்குன்னு கேக்கீக, நான் இல்லேங்க முடியுமா? எடுத்துட்டுப் போங்க சார். உள்ள பத்த வச்சிருக்கு, அதை மட்டும் பாத்துக்கோங்க."

துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற நெருப்புக் காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பட்டாசுக்கு நடுவில் குடியிருப்பவனுக்குப் பத்த வைப்பது என்றால் நெருப்புதான். கூட்டின் வெளிப்புறத்தில் சூடுபட்டு வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இல்லை. திருப்தி.

ஆக்சிலை மாட்டி ஆனைக்குட்டம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். நேர்ச்சாலை, வண்டி பறந்தது. மண் தரையில் அகலமாக வளைத்துத் திருப்பினோம். சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பன்று கடைவீதியின் காங்கிரீட் முக்கில் மைத்துனன் ஒடித்துத் திருப்பினான். பின்னாலிருந்து ஒரு சத்தம். வண்டி நின்றது. மேளமும் நின்றது.

"மொத வெடியே வண்டிக்குள்ளயா? நல்ல ஊருய்யா!" என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"ஏலே மாப்ளே, எறங்கித் தள்ளுலே! இப்பமே பழகிக்கிட்டா நல்லது" என்றான் மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருத்தன்.

அச்சகத்தின் லேபிள் லோடு ஏற்றும் வேனில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்தார்கள். சம்பந்தி முகம் சுண்டிப்போய் நின்றார். "யாருங்க இந்த ஆக்சிலை மாட்டச் சொன்னது?" என்று கேட்டார்.

மைத்துனன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் சம்பந்தி. அத்தான் வேண்டாம்னுதான் சொன்னாக. நான் கேக்கலை."

நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் மாலையோடு. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். மாலையை நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து கூட்டைப் பிரித்தபோது மெக்கானிக் சொன்னார்: "உள்ள பத்த வச்சிருக்கு சார்." வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற உதவும் சின்னப் பற்சக்கரங்களை, சுழற்சி செக்குப் பக்கம் தப்பாமல் போக வேண்டும் என்பதற்காக, ஒன்றாக வெல்டு வைத்திருந்தார்கள். திரும்ப முடியாத ஆக்சில் முறிந்துவிட்டது. பத்த வைப்பது என்றால் வெல்டிங். என் ஆய்வறிக்கைகளில் அதைப் 'பற்றவைப்பு' என்று எழுதி, வெல்டிங் என்று எழுதிய இளையவர்களைத் திருத்தியவன் நான்.

"இனி எதைப் போடலாம் அத்தான்? நீங்களே சொல்லுங்க" என்றான் மைத்துனன். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே கேட்டான்.

விண்ணப்பத்துக்குப் பதில் வரட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒத்திப்போட இதைவிட ஒழுங்கான வழி எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

பதிலில் இருந்தது இதுதான்: உடற்பகுதி அகற்றப்பட்ட வாகனம் பழமை வாகனப் பதிவுக்குத் தகுதியற்றது, எனவே ஆக்சில் குறித்த கேள்வியே எழவில்லை.

அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது, மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்து இறங்கி, "வண்டி ஓடுதா மாமா?" என்று மைத்துனனைக் கேட்ட அன்று.