தொடாமல் வைத்த பர்கர்

என் மகளுக்குக் கூடிவரவிருந்த கல்யாணத்தை நான்தான் கெடுத்தேன். கெடுத்த இடம் ஒரு பர்கர் கடை. சண்டை போடவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. முன்னால் வைத்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் மேல் எனக்கு இன்றும் வெறுப்பு போகவில்லை. கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய வீடு ஒன்றை வாங்கி, நன்றாயிருந்த சுவரைச் சுரண்டிப் பழசாக்கி வைத்திருந்தார்கள். உள்ளே போனால் பட்டப்பகலில் இருட்டு. தட்டு கிடையாது, காய் நறுக்குகிற பலகை மாதிரி ஒன்றில் கொண்டுவந்து வைப்பார்கள். உருளைக்கிழங்கு வறுவலுக்குக் குழந்தைகள் மணல் அள்ளுகிற அளவில் ஒரு தகர வாளி. பரிமாறுகிறவன் அந்த ரொட்டிக்கு ‘பிரியோஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான், ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பிரெஞ்சுக்காரன் இங்கே ஆண்டபோது இந்த ஊரில் இவ்வளவு பிரெஞ்சு இருந்ததில்லை. அவன் போன பிறகு, வார விடுமுறைக்குக் காரில் வருகிறவர்களுக்காகச் செய்த சரக்கு இது.

அங்கே போகலாம் என்றது என் மகள். எங்கள் ஊர்க் கதிர்காமம் பகுதி ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அவள் விரும்பிய பையன் இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கிராமத்தில் விவசாயக் குடும்பம், அப்பா இல்லை. அவனுடைய அம்மாவும் தாய்மாமனும் பேச வருவதாக இருந்தது.

சாரம் பகுதியில் நமக்குச் சொந்த வீடு இருக்கும்போது எதற்கு ஓட்டல் என்று கேட்டேன்.

“வீட்டுக்கு வந்தா கை நனைக்க மாட்டாங்கப்பா. பேச்சு முடியற வரைக்கும் காபிகூட வேணாம்பாங்க. நீங்க மோட்டுவளையப் பாப்பீங்க, அவங்க தரையப் பாப்பாங்க. கடைன்னா யாரு வீட்டுச் சோறும் இல்ல பாருங்க.”

சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் சம்மதம், மறுத்தால் சம்மதமில்லை. இந்த வழக்கத்துக்குப் பிடிகொடுக்காத இடம் என்றுதான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் உட்கார்ந்ததும் பையனின் அம்மா, “இன்னிக்கு எங்க செலவுங்க. மொத மொதல்ல ஒங்களுக்கு நாங்கதான் போடணும்னு ஆச” என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையோடு அந்தப் பலகை அவர்கள் வீட்டு இலையாகிவிட்டது. அது எனக்கு அந்த நிமிடமே புரிந்தது.

பர்கர் வந்தது. சரியாமல் இருக்க உச்சியிலிருந்து அடிவரை ஒரு மூங்கில் குச்சி குத்தியிருந்தது.

மாமன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இன்னாடா இது, வண்டிக்குக் கடையாணி அடிச்ச மாதிரி அடிச்சி வெச்சிருக்கான்? இத வாயில வெக்கணும்னா தாடைய ஒரு தரம் கழட்டி மாட்டணும் போலருக்கே.”

“மாமா, மெதுவா” என்றான் பையன்.

“மெதுவான்னா இன்னா, ஆணியப் புடுங்கிட்டுத் தின்னணுமா, ஆணியோடயா?”

என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு எரிச்சல் வந்தது. மாமனின் சட்டைக் கையில் சாஸ் சொட்டு, பையனின் அம்மா ரொட்டியின் மூடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கோழித்துண்டைப் பிய்த்த விதம், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தேன். ‘பழக்கவழக்கம் ஒத்துவராது’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். சாதி என்று சொல்லிக்கொள்ளப் படித்தவனுக்குக் கூச்சம். அதனால் இந்தச் சொல்.

மாமன்தான் முதலில் கவனித்தார். “இன்னா சார், கையே வெக்கல?”

“எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது.”

“அட, எங்களுக்கு மட்டும் இன்னா ஒத்துக்குதா? சரி, ஒரு காபி சொல்லட்டுமா?”

“வேணாம்.”

“ஜூஸு?”

“வேணாங்க.”

பையனின் அம்மா என்னைப் பார்த்தார். தன் எதிரிலிருந்த கண்ணாடித் தம்ளரை என் பக்கம் மெதுவாக நகர்த்தினார். “தண்ணியாவது குடிங்க.”

“வீட்ல குடிச்சிட்டுத்தான் வந்தேன்” என்றேன்.

அவர் கையிலிருந்ததைப் பலகையில் வைத்துவிட்டுத் துடைத்துக்கொண்டார். “தம்பி, எழுந்திரு. போவலாம்.”

வீடு திரும்பும்போது மகளிடம், “அந்தக் கண்றாவிய யாரு தின்பாங்க?” என்றேன். பொய். வெளிநாட்டில் இருந்த காலத்தில் ரயில் நிலையங்களில் நின்றுகொண்டே அதைவிட மோசமானதையெல்லாம் தின்றிருக்கிறேன். ஒரு குடும்பத்தை வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல் ஒரு ரொட்டியின் மேல் பழிபோட்டேன். கடையைத் திட்டும்போது எனக்கு நன்றாகப் பேச்சு வருகிறது, மேலே நீங்களே பார்த்தீர்கள்.

மகள் கேட்டாள்: “தண்ணியுமாப்பா ஒத்துக்கல?” அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. நான் கொண்டுவந்த வரன்கள் எதையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள், வந்து தன் அறையில் சாப்பிடுவாள்.

அடுத்த ஆண்டு, அவளுக்குச் சொல்லாமல், பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி அந்தக் கிராமத்துக்குப் போனேன். பையனின் அம்மா வாசலில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. உள்ளே வரச் சொன்னார். நான் செய்தது தப்பு, மன்னிக்க வேண்டும், உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது.

அவர் இலை போட்டார். சோறு, கருவாட்டுக் குழம்பு. நான் முதல் கவளத்தைப் பிசையும்போது சொன்னார்:

“பசின்னு வந்தவங்கள நாங்க அனுப்புறதில்ல. சாப்புடுங்க. ஆனா இது வெறும் சோறுதாங்க. பையனுக்கு வேற எடத்துல முடிச்சாச்சி. தட்டு மாத்தியாச்சி.”

எழுந்துவிடுவதா, சாப்பிடுவதா என்று தெரியவில்லை. சாப்பிட்டேன். பழத்தையும் வெற்றிலை பாக்கையும் வாங்க மறுத்துவிட்டார். கிழவன் ஒருவன் வெற்றிலை பாக்கோடு வந்து, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதைத் தெருவே பார்த்தது.

பெண் வீட்டார் அதே ஊரின் அடுத்த தெரு. அது எனக்கு எப்படித் தெரியும்? விசாரித்துவிட்டுப் போகும் மரியாதைகூட எனக்குத் தோன்றவில்லை. சில நாளில் மாமன் போன் செய்தார். இந்த முறை கேலி இல்லை.

“சார், பொண்ணு வூட்ல வந்து கேக்கறாங்க. பழைய சகவாசம் இன்னும் இருக்குதான்னு. அந்தப் புள்ள ரெண்டு நாளா அழுவுது. இன்னா பதில் சொல்றது நாங்க?”

நான் வந்து விளக்குகிறேன் என்றேன். “ஐயய்யோ, நீங்க வந்து வெளக்குனது போதும்” என்றார். அதற்குள் மகள் போனை என் கையிலிருந்து வாங்கியிருந்தாள். கேட்டுக்கொண்டு நின்றாள். “நானே வர்றேங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகப் போனாள். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வீட்டில், அவளுடைய அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து, எனக்கும் அவருக்கும் இப்போது ஒன்றுமில்லை, என் அப்பா வந்தது எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தக் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்று மாலை அவள் திரும்பி வந்தபோது நான் கதவருகிலேயே நின்றிருந்தேன்.

“என்னம்மா ஆச்சு?”

“நம்பிட்டாங்க” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.