படத்தில் வராத நாற்பது நிமிடம்

பெங்களூர் பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில் டாக்குமென்டரி எடுக்க ஆட்கள் வந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பக்கத்துப் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். சந்தில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் மனு எழுதவும் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்லவும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் டைரக்டரையும் நேராக என் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். "ஏரியா ரொம்ப ஃபாஸ்டா மாறுது மேடம். அந்தக் கதைய இங்க இருக்கறவங்களே சொல்லணும். அதான் படம்" என்றார்.

நம்பினேன். அப்போது சந்து முனையில் இருந்த இரண்டு பங்களாக்களும் இடிக்கப்பட்டு அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் சந்தையும் டேப் பிடித்து இரண்டு முறை அளந்து போயிருந்தார்கள். நாலு பேர் எங்களைத் திரையில் பார்த்துவிட்டால் எங்களைக் கிளப்புவது கொஞ்சம் கஷ்டமாகும் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

அடுத்த வீட்டு அக்கா எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தாள். அவள் புருஷன் பீன்யாவில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவர். தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. பத்து வருடமாக ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் அவர்தான். அக்கா அந்த நாளைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அப்போது மூன்று வயதாக இருந்த மகள் இப்போது எட்டாவது படித்தாள். அப்பாவைப் பற்றி அவள் கேட்டால் அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

அவளைப் பேசவைத்தது நான்தான். இரண்டு வாரம் விடாமல் சொன்னேன். "ஒரு தடவ சொல்லிடுக்கா. படத்துல நின்னுடும். பொண்ணு எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்."

கடைசியில் ஒப்புக்கொண்டாள். "ஒரு தபாதான் சொல்லுவேன் டீச்சர். மறுபடி சொல்லுன்னு யாரும் கேக்கக் கூடாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஷூட்டிங். மகள் எதிரில் பேச முடியாது என்று அவளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஹாரன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று டைரக்டர் கேட்டுக்கொண்டதால், நான் சந்து முனையில் நின்று ஆட்டோக்களைத் திருப்பி அனுப்பினேன். அங்கிருந்து பார்த்தால் அக்கா வாசல்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. நடுவில் ஒருமுறை எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதுபோல் நடந்து காட்டினாள். நாற்பது நிமிடம் பேசினாள். முடிந்ததும் கேமராக்காரர் எங்களுக்கு முதுகு காட்டிக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா முகம் கழுவிவிட்டு உலையில் அரிசி போட்டாள்.

எட்டு மாதம் கழித்துப் படத்தைத் திரையிட்டார்கள். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு ஏசி ஹால். அக்கா, மகள், நான் மூவரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அக்கா தன் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள்.

படம் ஒரு மணி நேரம். பழைய பங்களாக்கள், பேக்கரியில் ரொட்டி வேகிற அடுப்பு, மழையில் நனைகிற மரங்கள், புதிதாக வந்த காபி ஷாப்பில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பங்களாக்காரப் பெரியவர் ஒருவர் பழைய டான்ஸ் பார்ட்டிகளைப் பற்றி வெகுநேரம் பேசினார். எங்கள் சந்து மூன்று நிமிடம் வந்தது. அதில் அக்காவும் வந்தாள். உதடு அசைந்தது, குரல் இல்லை. மேலே புல்லாங்குழல். ஒரு ஆங்கிலக் குரல், இங்கே காலம் மெதுவாக நடக்கிறது, இவர்கள் கொஞ்சத்தில் திருப்தி அடைகிறவர்கள் என்றது. பத்து எண்ணுவதற்குள் அவள் போய் அபார்ட்மென்ட் வந்துவிட்டது.

"நீ பேசினது எப்பம்மா வரும்?" என்று மகள் கேட்டாள்.

"வரும், இரு."

பெயர்களெல்லாம் ஓடி முடிந்து விளக்குப் போட்டு, ஜனங்கள் கைதட்டும் வரை அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே டைரக்டரைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். இடையில் புகுந்து கேட்டேன். அவர் முகம் மாறியது.

"அது ரொம்ப ஹெவி மேடம். காவிரி ரயட் உள்ள வந்தா படமே வேற படமாயிடும். எடிட்ல எவ்வளவோ ட்ரை பண்ணேன்."

"டேப்பாவது குடுங்க சார். அவ பொண்ணுக்கு."

தரையைப் பார்த்தபடி சொன்னார். "டேப் இல்ல மேடம். அதுமேலயே வேற ஷூட் பண்ணிட்டோம்."

ஆட்டோவில் வரும்போது அக்காவிடம் சொன்னேன். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு, "உடு டீச்சர். நீ இன்னா பண்ணுவ" என்றாள். அதற்குப் பிறகு மகள் எப்போது கேட்டாலும் அவளிடமிருந்து ஒரே பதில்தான்: "அதான் சொல்லிட்டேனே."

இரண்டு வருடத்தில் எங்கள் சந்து வீடுகளை இடித்தார்கள். எதற்கும் எந்தப் படமும் குறுக்கே வரவில்லை. நான் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே வாடகைக்குப் போனேன். அக்காவுக்கு ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு அறை கொடுத்தார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்பதால் வேலையை விட்டாள். பிறகு கிட்னி கெட்டது. ஒருமுறைதான் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கட்டி முடிக்காத கட்டடங்களைத் தவிர வேறெதுவும் தெரியாத அறை அது. பழைய சங்கதி எதையும் நாங்கள் பேசவில்லை. நாலாவது வருடம் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் மகள் என்னைத் தேடி வந்தாள். கால் சென்டரில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை. நேராகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு நீங்க அங்கதான இருந்தீங்க. அம்மா என்ன சொன்னாங்க?"

ஆட்டோவை நிறுத்திக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"கொஞ்சம்கூடக் கேக்கலயா?"

அன்று சந்து முனைவரை வந்து என் காதில் விழுந்தது மூன்று வாக்கியம். மத்தியானமே கம்பெனி கேட்டைச் சாத்திவிட்டார்கள் என்பது ஒன்று. சைக்கிள் பஞ்சர், தள்ளிக்கொண்டுதான் போனார் என்பது இன்னொன்று. இரண்டையும் சொன்னேன். "நாந்தான் போவச் சொன்னேன்" என்பது மூன்றாவது. வேலைக்கா, வேறெங்காவதா, எதற்குப் போகச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. முழுதும் கேட்ட டைரக்டருக்கும் கேமராக்காரருக்கும் இத்தனை வருடம் கழித்து அது நினைவிருக்கப் போவதில்லை. அந்த மூன்றாவதை அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

டைரக்டரின் நம்பரைக் கேட்டு வாங்கி, என் எதிரிலேயே போன் போட்டாள். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று கன்னடத்தில் பதிவுக் குரல் வந்தது. முழுதும் கேட்டுவிட்டு வைத்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. குடிக்கச் சொன்னேன். கம்பெனி வண்டி வந்துவிடும் என்று எழுந்தாள்.