என் வீட்டுக்காரர் ஃபெயிலாக்கிய ஆட்கள்

வல்லம் வடகாலில் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் கம்பெனி வாசலில் 'மோல்டு செட்டர் தேவை' என்று ஒரு பேனர் தொங்கும். வெயிலில் எழுத்து வெளுத்துப்போனால் புதிது கட்டுவார்கள். ஆள் மட்டும் வந்தபாடில்லை. கார் பாகங்களைப் பிளாஸ்டிக்கில் வார்க்கும் கம்பெனி அது. ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்கும்போது, மெஷினில் இருக்கும் பெரிய இரும்பு மோல்டை கிரேனில் தூக்கி இறக்கிவிட்டு வேறொன்றை ஏற்ற வேண்டும். அதில் தேர்ந்தவர் அங்கே இவர் ஒருவர்தான்.

அதனால் இவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்பது பேச்சுக்குத்தான். மத்தியானம் முடிய வேண்டிய வேலை ஓ.டி. என்று இருட்டும்வரை இழுக்கும். வீட்டுக்கு வந்தாலும் போன் விடாது. எங்கள் மகளுக்குக் காது குத்தும்போது, தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழ, இவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி லைன மொதல்ல தொறப்பா!" என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். ஊசியும் கையுமாக இருந்த ஆசாரி பாவம், மிரண்டுபோய்விட்டார்.

புது ஆட்களுக்கு டெஸ்ட் வைப்பவரும் இவர்தான். வந்தவர் மோல்டை ஏற்றி, தண்ணீர்க் குழாய்களை மாட்டி, முதல் பீஸை எடுத்துக் காட்ட வேண்டும். இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். சாப்பிடும்போது எனக்கு ரிப்போர்ட் வரும். ஒருவர் ஸ்பேனரை மோல்டு மேலேயே மறந்து வைத்துவிட்டாராம், ஃபெயில். சரி, நியாயம். இன்னொருவர் எண்ணெய்க் கையைப் பேண்ட்டில் துடைத்தாராம், அவரும் ஃபெயில். வேறொருவர் கேட்பதற்கு முன்னாலேயே பதில் சொன்னாராம். நானும் சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றுவேன். பெண் பார்க்கப் போன இடங்களில் இப்படிக் குற்றம் கண்டுபிடித்திருந்தால் இவருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

எனக்கே ஒரு வேலை வந்தபோதுதான் அந்தச் சிரிப்பு நின்றது. நான் ஐ.டி.ஐ. படித்தவள். குழந்தை பிறக்கும்வரை ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சோல்டரிங் பார்த்தேன். அங்கேயும் ஆள் பஞ்சம். ஹெச்.ஆர். பெண் பழைய ஆட்களைத் தேடித் தேடிப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெனரல் ஷிப்ட்தான்க்கா. திங்கக்கெழம வந்து ஜாயின் பண்ணிக்கோங்க. அதுக்கு மேல வெயிட் பண்ண முடியாதுக்கா."

எனக்குக் கை பரபரத்தது. எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் மகளுக்குப் பள்ளிக்கூடம் சாயங்காலம் சீக்கிரமே விட்டுவிடும். பிள்ளைப்பாக்கத்து வீட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இவர் ஷிப்ட் முடிந்ததும் வந்தால்தான் குழந்தையைக் கூட்டிவர முடியும். இவர் வர வேண்டுமானால் அங்கே இன்னொரு செட்டர் வேண்டும்.

அந்த வாரம் டெஸ்ட்டுக்கு வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், அனுபவம் உள்ளவர். இவர் சாப்பிட உட்கார்ந்ததுமே கேட்டேன்.

"எப்டி பண்ணாரு?"

"நல்லாதான் பண்ணான். கை சுத்தமா கீது."

"அப்போ எடுத்துட்டீங்களா?"

"எங்க எடுக்கறது? அவன் பேசறதே புரியல. 'அங்கன வச்சிருதேன்'ன்றான். அவசரத்துல அவன் இன்னா சொல்றான்னு யாரக் கேக்கறது?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "நீங்க சேரும்போது உங்களுக்கு யாரு டெஸ்ட் வச்சது?"

"எனக்கா? யாரும் வெக்கல. அப்போ ஆளே இல்லியே!" என்றார் பெருமையாக. சொன்ன பிறகுதான் வாய்க்குப் போன கை நின்றது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க டெஸ்ட்டால அங்க ஒரு வேக்கன்சி. அதனால ஒரகடத்துல என் வேக்கன்சி. ரெண்டையும் நீங்க ஒருத்தரே காலியா வச்சிக்கினு கீறீங்க."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாக, "இன்னொருத்தன் வந்துட்டான்னா, என்னை யாரு கூப்புடப் போறா?" என்றார்.

கடவுளே, இந்த மனுஷன் அந்தப் போனை இவ்வளவு ஆசையாகவா எடுத்துக்கொண்டிருந்தார்!

மறுநாள் இவரே சூப்பர்வைசரிடம் போய், தூத்துக்குடிக்காரரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அவர் எதிர்க் கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். அங்கே மட்டும் அவர் பேச்சு எப்படிப் புரிந்தது என்று கேட்க நினைத்தேன். இவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

"திங்கக்கெழம நான் போறேங்க" என்றேன். "கொழந்தய நீங்கதான் கூட்டியாரணும்."

திங்கட்கிழமை சோல்டரிங் கம்பி கைக்கு வசப்படவே மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குமேல் மனசு பூராவும் பள்ளிக்கூட வாசலில்தான் இருந்தது. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினேன். மகள் யூனிஃபார்மோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் இழவு வீட்டுக்குப் போய்வந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"கூப்டாங்க. கொழந்தய கூட்டிக்கினு கீறேன், வர முடியாதுன்னுட்டேன்."

"அப்புறம்?"

"பசங்களே சேர்ந்து மோல்ட ஏத்திட்டானுங்களாம். லேட்டாச்சாம். ஆனா மெஷின் ஓடுதாம்."

நல்லதுதானே என்று சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ரொம்பத் தவிச்சிப்போயிருப்பாங்க" என்றேன்.

இவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"தவிக்கட்டும்" என்றார். "நாளைக்கும் நானே போய் கூட்டியாறேன்."