அக்கா விட்ட இடைவெளி

என் அக்காவுக்குத் துண்டை மடித்தாலும் நான்கு மூலையும் சேர வேண்டும். நான் மடித்ததைப் பிரித்துப்போட்டு, "நீ மடிச்சியா, சுருட்டினியா?" என்பாள். அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்தவன் நான்தான். இந்த வயதிலும் அதற்காக என் காதைத் திருகுகிறாள்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடநூல் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. கணினியில் இருக்கும் பாடத்தை, அவள் எழுதிய 'ஸ்டைல்ஷீட்' என்ற கட்டளைத் தொகுப்பு, பிரெய்ல் புள்ளிகளைக் குத்தும் இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும். மாற்றியதைக் கோப்பாக எழுதுவது கடைசிப் படி. அந்தக் கோப்பு மூச்சுவிடாமல் ஒரே நீள வரியாக ஓடும். அக்காவுக்குப் பொறுக்குமா? கடைசிப் படியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். பாடத்தின் ஒவ்வொரு துண்டும் தனி வரியில், இடைவெளி விட்டு அழகாக உள்தள்ளி நின்றது. வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து, நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நேரத்தில், ஒரு மாணவியின் தாய் தொலைபேசியில் அழைத்தார்.

"கணக்குப் புத்தகத்தைத் திருப்பி அனுப்பறோம்மா. மண்டையில ஒண்ணும் ஏறலன்னு பொண்ணு அழறா. அடுத்த வருஷம் கணக்குப் பாடமே வேணாம்னு ஸ்கூல் ஃபாரத்துல எழுதி வெச்சிட்டா. நாளைக்குக் குடுக்கணும்."

அக்கா அலுவலகப் பிரதியை எடுத்து விரலால் தடவினாள். 'எக்ஸ் வர்க்கம்' இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ், ஒரு வெற்றிடம், அப்புறம் இரண்டு. கோப்பை அழகாக்கச் சேர்ந்த இடைவெளியை இயந்திரம் பாடமாகவே குத்தியிருந்தது. பிரெய்லில் இடைவெளி வந்தால் வர்க்கம் அங்கேயே அறுந்துவிடும். அந்தப் பெண் அதை எக்ஸ் பெருக்கல் இரண்டு என்று படித்திருக்கிறாள். எக்ஸ் ஐந்து என்றால் வகுப்பில் எல்லாருக்கும் இருபத்தைந்து, இவளுக்கு மட்டும் பத்து.

அக்காவின் முகம் செத்துப்போனது. அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உடனே அந்த வீட்டுக்கு அழைத்து, அந்தப் பெண்ணிடமே பேசினாள்.

"தப்பு உன்னோடது இல்லம்மா, என்னோடது. கோப்பு பாக்க அழகா இருக்கணும்னு நான் செஞ்ச வேலை. உன் புத்தகத்துல வர்க்கமெல்லாம் உடைஞ்சு போச்சு."

மறுமுனையில் அவள் கேட்டாள், "அப்ப நான் போட்ட பத்து?"

"நான் குடுத்த கணக்குக்குப் பத்துதான் சரி. நீ போட்டது சரி."

"அம்மா! அந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போடு!" என்று அவள் கத்தியது, அலுவலகம் முழுக்கக் கேட்டது.